லினக்ஸ் மடிக்கணினிகளில் கம்பியில்லா வலையமைப்புச் சிக்கல்கள்

லினக்ஸ் மடிக்கணினிகளில் கம்பியில்லா வலையமைப்புச் சிக்கல்கள் எனப்படுபவை, லினக்ஸ் கருவைக் கொண்ட இயங்குதளம் நிறுவப்பட்ட மடிக்கணினி ஒன்று வை-ஃபை வலையமைப்பில் இணைய இயலாமல் போகும் நிலைகளாகும். பயனர் காண்பது "இணைப்பு இல்லை" என்ற ஒரே அறிவிப்பையே. ஆனால் அவ்வறிவிப்புக்குப் பின்னால் வன்பொருள், இயக்கி, நிலைப்பொருள், வானொலி, கடவுச்சொல் சரிபார்ப்பு, முகவரி, பெயர்த் தீர்வு என ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த பல அடுக்குகள் உள்ளன. இவற்றுள் எந்த அடுக்கு செயலிழந்தாலும் வெளியே தெரிவது ஏறக்குறைய அதே அறிவிப்புத்தான். ஓர் அடுக்கிற்குரிய தீர்வு மற்றோர் அடுக்கில் பயன் தருவதில்லை. ஆகவே இணைப்பு எந்த அடுக்கு வரை ஒழுங்காக நடந்துள்ளது எனக் கண்டறிவதே வேலையின் பெரும்பகுதியாகும்.

இவ்வாறு கண்டறியாமல் இயங்குதளத்தை அழித்து மீண்டும் நிறுவுவது பரவலாகக் காணப்படும் வழக்கம். பெரும்பாலான வேளைகளில் இது வீண்வேலை. அதே கரு, அதே இயக்கி, அதே நிலைப்பொருள் மீண்டும் வந்து அமர்வதால் சிக்கலும் மீண்டும் வந்து அமர்கின்றது.

இக்கட்டுரையில் கட்டளைகளின் பெயர்கள் ஒலிப்பின்படி தமிழில் எழுதப்பட்டுள்ளன. முனையத்தில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இடவேண்டும்.

இணைப்பு உருவாகும் விதம்

கம்பியில்லா இணைப்பு என்பது தனியொரு நிகழ்வு அன்று. அது ஒரு சங்கிலி. முதலில், மடிக்கணினிக்குள் பொருத்தப்பட்டுள்ள வை-ஃபை அட்டையைக் கரு அடையாளம் காணவேண்டும். அதற்குரிய இயக்கி ஏற்றப்படவேண்டும். அட்டைக்குள்ளேயே ஒரு சிறு செயலி உண்டு. அது இயங்குவதற்கான நிரலே நிலைப்பொருள் எனப்படுகின்றது. பெரும்பாலான அட்டைகளில் நிலைப்பொருள் நிரந்தரமாக இருப்பதில்லை. ஒவ்வொரு முறை கணினி தொடங்கும்போதும் இயக்கியானது அதனை வன்தட்டிலிருந்து எடுத்து அட்டைக்கு அனுப்புகின்றது. அதன் பின்னரே அட்டை அலைவரிசைகளைத் துழாவி, அருகிலுள்ள அணுகு புள்ளிகளைக் கண்டறிந்து, கடவுச்சொல்லை மெய்ப்பித்து, அவற்றுள் ஒன்றுடன் சேர்கின்றது. சேர்ந்தபின் டிஎச்சிபி நெறிமுறை வழியாக ஐபி முகவரி பெறப்படுகின்றது. இறுதியாக டிஎன்எஸ் வழங்கி, தளப் பெயர்களை முகவரிகளாக மாற்றித் தருகின்றது.

இவ்வேலைகள் ஒரே மென்பொருளால் செய்யப்படுவதில்லை. துழாவுதலும் சேர்தலும் கருவிலுள்ள பகுதிகளின் பொறுப்பு. கடவுச்சொல் மெய்ப்பித்தலை, ஜோவ்னி மாலினென் உருவாக்கிய டபிள்யூபிஏ சப்ளிகண்ட் என்ற மென்பொருளோ, அதற்கு மாற்றாக இன்டெல் நிறுவனத்தார் எழுதிய ஐடபிள்யூடி என்ற மென்பொருளோ கவனித்துக் கொள்கின்றது. இவற்றுக்கு மேலே அமர்ந்து பயனருடன் பேசுவது, 2004 இல் ரெட் ஹாட் நிறுவனம் தொடங்கிய நெட்வொர்க் மேனேஜர். திரையின் மூலையில் தெரியும் சின்னம் இதனுடையதே. கீழே நடந்ததைச் சுருக்கிச் சொல்லும் தூதுவனாகவே இச்சின்னத்தைக் கொள்ளவேண்டும். பல வேளைகளில் அது அளவுக்கு மீறிச் சுருக்கிவிடுகின்றது.

அட்டையை அடையாளம் காணல்

முதற் கேள்வி, உள்ளே இருப்பது எந்தச் சில்லு என்பதாகும். மடிக்கணினியின் வணிகப் பெயரைக் கொண்டு இதனை அறிய இயலாது. ஒரே மாதிரிப் பெயருடன் விற்பனையாகும் கணினிகளில், தயாரிக்கப்பட்ட காலத்தைப் பொறுத்து வெவ்வேறு நிறுவனங்களின் அட்டைகள் இருப்பதுண்டு.

எல்எஸ்பிசிஐ என்ற கட்டளை, பிசிஐ பாட்டையில் இணைக்கப்பட்ட கருவிகளைப் பட்டியலிடும். இதனுடன் என்என்கே என்ற தெரிவைச் சேர்த்தால், ஒவ்வொரு கருவியின் அடையாள எண்களும், அதனைத் தற்போது இயக்கிக் கொண்டிருக்கும் இயக்கியின் பெயரும் கிடைக்கும். அடையாள எண்ணின் முற்பகுதி தயாரிப்பாளரைக் குறிக்கும். இன்டெலின் எண் 8086 ஆகும். 1978 இல் வெளிவந்து அந்நிறுவனத்திற்குப் புகழ் தேடித்தந்த செயலியின் பெயரையே அவர்கள் தம் அடையாளமாக்கிக் கொண்டார்கள். எண்ணின் பிற்பகுதி சில்லைக் குறிக்கும். இணையத்தில் உதவி தேடும்போது மடிக்கணினியின் பெயரைக் காட்டிலும் இவ்வெண்ணைக் கொண்டு தேடுவது பன்மடங்கு பயனுள்ளது. யூஎஸ்பி வழியாக இணைக்கப்பட்ட அட்டைகளுக்கு எல்எஸ்யூஎஸ்பி என்ற கட்டளையைப் பயன்படுத்த வேண்டும்.

பட்டியலில் அட்டையே இல்லையெனில் மென்பொருளைத் திருத்திப் பயனில்லை. அட்டை பழுதாகியிருக்கலாம், செருகியிலிருந்து நழுவியிருக்கலாம், அல்லது பயாஸ் அமைப்பில் முடக்கப்பட்டிருக்கலாம். பட்டியலில் அட்டை இருந்து, அதன்கீழ் இயக்கியின் பெயர் இல்லையெனில் சிக்கல் அடுத்த அடுக்கில் உள்ளது.

இயக்கி

லினக்ஸ் கருவில் ஏராளமான வை-ஃபை இயக்கிகள் உள்ளடங்கியுள்ளன. எனினும் புதிய சில்லு ஒன்று சந்தைக்கு வந்து, அதற்கான இயக்கி கருவில் சேர்ந்து, அக்கரு ஒரு வழங்கலில் இடம்பெறுவதற்குக் காலம் எடுக்கும். எடுத்துக்காட்டாக, இன்டெலின் ஏஎக்ஸ்210 அட்டைக்குக் கருவின் 5.10 பதிப்போ அதற்குப் பிந்தியதோ தேவை. நீண்டகால ஆதரவு கொண்ட பழைய வழங்கல் ஒன்றைப் புத்தம்புதிய மடிக்கணினியில் நிறுவுவோர் இவ்வகையில்தான் பெரும்பாலும் தடுக்கி விழுகின்றனர். புதிய பதிப்பு வழங்கல் ஒன்றை யூஎஸ்பி நினைவகத்திலிருந்து நிறுவாமலே இயக்கிப் பார்த்தால், குறை கருவின் வயதில் உள்ளதா என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

கருவில் இல்லாத இயக்கிகளும் உண்டு. பிராட்காம் நிறுவனத்தின் டபிள்யூஎல் என்ற மூடிய இயக்கி இதற்கு எடுத்துக்காட்டு. இவற்றில் இரு தொல்லைகள் உள்ளன. கரு புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் இவை மீண்டும் தொகுக்கப்பட வேண்டும். டிகேஎம்எஸ் என்ற கருவி இதனைத் தானாகச் செய்ய முயலும், ஆயினும் கருவின் தலைப்புக் கோப்புகள் நிறுவப்படாமல் இருந்தால் அமைதியாகத் தோற்றுவிடும். "நேற்று வேலை செய்தது, புதுப்பித்தபின் இன்று வேலை செய்யவில்லை" என்ற முறையீட்டிற்கு இதுவே முதலில் ஐயுற வேண்டிய காரணம். பழைய கருவைத் தெரிவுசெய்து கணினியைத் தொடங்கினால் இணைப்பு திரும்புமாயின் ஐயம் உறுதியாகின்றது. இரண்டாவது தொல்லை, செக்யூர் பூட் எனப்படும் பாதுகாப்பான தொடக்கம். இது செயலில் இருக்கும்போது கையொப்பமிடப்படாத இயக்கிகளைக் கரு ஏற்க மறுக்கும். அப்போது இயக்கி நிறுவப்பட்டதாகவே தோன்றும், ஆனால் ஏற்றப்பட்டிருக்காது.

நிலைப்பொருள்

இயக்கி சரியாக இருந்தும் நிலைப்பொருள் கோப்பு இல்லையெனில் அட்டை உயிர்பெறாது. இதற்கான சான்று கருவின் பதிவில் கிடைக்கும். டிமெசேஜ் என்ற கட்டளை அப்பதிவைக் காட்டும். நிலைப்பொருளை ஏற்ற இயலவில்லை என்ற செய்தியுடன் -2 என்ற பிழை எண் காணப்பட்டால், அக்கோப்பு வன்தட்டில் இல்லை என்பது பொருள்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. இன்டெல் அட்டைகளுக்கான இயக்கி, தனக்குத் தெரிந்தவற்றுள் மிகப் புதிய நிலைப்பொருளை முதலில் தேடும். கிடைக்காவிடில் ஒவ்வொரு படியாகப் பழைய பதிப்புகளை நோக்கி இறங்கும். ஒவ்வொரு தோல்வியும் பதிவில் பிழையாகவே எழுதப்படும். இறுதியில் ஒன்று ஏற்றப்பட்டிருந்தால் முன்னைய பிழைகளைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. முதல் வரியைக் கண்டு பதறி, தேவையற்ற கோப்புகளைத் தேடி அலைந்தவர்கள் பலர்.

நிலைப்பொருளைப் பதிவிறக்க இணையம் வேண்டும். இணையம் வேண்டுமெனில் நிலைப்பொருள் வேண்டும். இச்சுழலிலிருந்து விடுபட எளிய வழி, கம்பி வழி இணைப்பைத் தற்காலிகமாகப் பயன்படுத்துவதாகும். ஈதர்நெட் செருகி இல்லாத மெல்லிய மடிக்கணினிகளில், திறன்பேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து, அதில் இணையப் பகிர்வைச் செயற்படுத்தினால், லினக்ஸ் அதனை ஒரு கம்பி வழி அட்டையாகவே கருதும். பொதுவாக இதற்கெனத் தனி இயக்கி எதுவும் நிறுவ வேண்டியதில்லை.

மூடிய வன்பொருளும் தன்னார்வலர்களும்

இயக்கியும் நிலைப்பொருளும் இத்துணைச் சிக்கலானதற்குத் தொழில்நுட்பக் காரணங்கள் மட்டுமே உள்ளன எனக் கொள்ள இயலாது. 802.11ஜி தரம் வெளியானதும், இன்டெலின் சென்ட்ரினோ மடிக்கணினிகள் அறிமுகமானதும் 2003 ஆம் ஆண்டிலாகும். அதனைத் தொடர்ந்து வை-ஃபை, மடிக்கணினிகளின் இன்றியமையாத உறுப்பாயிற்று. ஆனால் சில்லுத் தயாரிப்பாளர்கள் பலர் லினக்ஸுக்கு இயக்கியும் தரவில்லை. பிறர் எழுதுவதற்கு வேண்டிய விவரக்குறிப்புகளையும் தரவில்லை. மென்பொருளால் வானொலியின் அலைவெண்ணையும் ஆற்றலையும் மாற்ற இயலும் என்பதால், மூலநிரலை வெளியிட்டால் அரசுகளின் அலைக்கற்றை விதிகள் மீறப்படும் என்பது அவர்களுட் சிலர் கூறிய காரணம்.

அக்காலத்தில் உருவான இடைக்காலத் தீர்வு என்டிஐஎஸ்ராப்பர். இது விண்டோஸ் இயங்குதளத்திற்கென எழுதப்பட்ட இயக்கியை லினக்ஸ் கருவுக்குள் ஏற்றி, அது விண்டோஸில் இருப்பதாகவே நம்பச் செய்தது. பலருக்கு இதுவே முதல் கம்பியில்லா இணைப்பைப் பெற்றுத் தந்தது. ஆனால் உள்ளே நடப்பதை எவரும் பார்க்க இயலாது. கணினி உறைந்துபோனால் திருத்துவதற்கு வழியில்லை. இதனைப் பயன்படுத்தும் கரு கறைபட்டதாகக் குறிக்கப்பட்டதால், அனுப்பப்படும் பிழை அறிக்கைகளைக் கருவின் உருவாக்குநர்கள் பெரும்பாலும் கருத்திற் கொள்ளவில்லை.

பிராட்காம் சில்லுகளின் கதை இன்னும் விந்தையானது. லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்ற புகழ்பெற்ற திசைவி பிராட்காம் சில்லைக் கொண்டிருந்தது. அதன் உள்ளே இயங்கியதும் லினக்ஸே. கட்டற்ற உரிமத்தின்படி அத்திசைவியின் மூலநிரல் 2003 இல் வெளியிடப்பட நேர்ந்தது. ஆயினும் கம்பியில்லா அட்டைக்கான இயக்கி மட்டும் இரும வடிவிலேயே இருந்தது. ஒரே நிறுவனத்தின் சில்லு திசைவியில் லினக்ஸுடன் ஒத்துழைத்தது, மடிக்கணினியில் மறுத்தது. தன்னார்வலர்கள் அந்த இரும இயக்கியை ஆராயத் தொடங்கினர். ஒரு குழு அதன் நடத்தையைக் கவனித்து விவரக்குறிப்பாக எழுதியது. மூல இயக்கியைப் பார்க்காத மற்றொரு குழு, அவ்விவரக்குறிப்பை மட்டும் படித்துப் புதிய இயக்கியை எழுதியது. பதிப்புரிமை வழக்கு எழாமல் இருப்பதற்காகவே வேலை இவ்வாறு பிரிக்கப்பட்டது. அவர்களின் பிசிஎம்43எக்ஸ்எக்ஸ் இயக்கி 2006 சூனில் வெளியான 2.6.17 கருவில் சேர்க்கப்பட்டது. அதன் வழிவந்த பி43 இயக்கி 2008 சனவரியில் வெளியான 2.6.24 கருவில் இடம்பெற்றது.

இயக்கி எழுதப்பட்டபோதிலும் நிலைப்பொருள் பிராட்காமிற்கே உரியது. அதனை மறுபகிர்வு செய்ய வழங்கல்களுக்கு உரிமை இல்லை. ஆகவே பயனர்கள், நிறுவனத்தின் இயக்கிக் கோப்பைத் தாமே பதிவிறக்கி, பி43 எஃப்டபிள்யூகட்டர் என்ற கருவியால் அதிலிருந்து நிலைப்பொருளை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. இத்தாலியின் பிரெசியா பல்கலைக்கழகத்தில் சில பழைய சில்லுகளுக்குத் திறந்த நிலைப்பொருள் ஒன்றும் எழுதப்பட்டது. 2010 செப்டம்பரில், புதிய 802.11என் சில்லுகளுக்கான திறந்த இயக்கியைப் பிராட்காமே வெளியிட்டது. அதற்கு முந்திய சில்லுகளைக் கொண்ட மடிக்கணினிகளை இன்று மீட்டெடுக்க விரும்புவோர் பி43 இயக்கியையும் வெட்டும் கருவியையும் இப்போதும் நாடவேண்டியுள்ளது. பி43, டபிள்யூஎல் ஆகிய இரு இயக்கிகளும் ஒரே அட்டைக்குப் போட்டியிட்டால் இரண்டுமே ஒழுங்காக இயங்காது. ஒன்றைத் தடைப்பட்டியலில் சேர்க்கவேண்டும்.

ஏதெரோஸ் சில்லுகளுக்கு மேட்வைஃபை என்ற இயக்கி இருந்தது. அதன் மையப் பகுதி மூடிய இருமக் கோப்பாகும். ஓப்பன்பிஎஸ்டி திட்டத்தில் அதற்கு மாற்றாக எழுதப்பட்ட திறந்த நிரல், லினக்ஸின் ஏடிஎச்5கே இயக்கிக்கு அடிப்படையாயிற்று. அது ஏதெரோஸின் பதிப்புரிமையை மீறவில்லை என மென்பொருள் சுதந்திரச் சட்ட மையம் 2007 இல் ஆராய்ந்து கூறிய பின்னரே தயக்கம் நீங்கியது. அடுத்த ஆண்டிலேயே அந்நிறுவனம் தன் புதிய சில்லுகளுக்கு ஏடிஎச்9கே என்ற முழுமையான திறந்த இயக்கியை வெளியிட்டது. இவ்விரு இயக்கிகளுக்குரிய பிசிஐ வகை அட்டைகள், வன்தட்டிலிருந்து நிலைப்பொருள் ஏற்றத் தேவையில்லாதவை என்பதால், முற்றிலும் கட்டற்ற கணினியை விரும்புவோர் அவற்றை இன்றும் தேடி வாங்குகின்றனர்.

நிலைப்பொருளை மறுபகிர்வு செய்யும் உரிமைக்காக நிறுவனங்களை வற்புறுத்தியவர்களுள் ஓப்பன்பிஎஸ்டியின் தியோ டி ராட் குறிப்பிடத்தக்கவர். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2004 ஆம் ஆண்டு விருது அவருக்கு வழங்கப்பட்டது. டெபியன் திட்டம் மூடிய நிலைப்பொருளை நிறுவல் வட்டில் சேர்க்க நெடுங்காலம் மறுத்து வந்தது. 2022 இல் உறுப்பினர்களின் வாக்கெடுப்பால் அம்முடிவு மாற்றப்பட்டு, 2023 சூனில் வெளியான டெபியன் 12 முதல் நிறுவியிலேயே நிலைப்பொருள் இடம்பெறுகின்றது. பயனர்களின் இடர் குறைந்தது. ஆனால் அட்டைக்குள் ஓடும் நிரலில் ஒரு குறை இருந்தால், அதனை நிறுவனம் மட்டுமே திருத்த இயலும் என்ற நிலை அப்படியே தொடர்கின்றது.

வானொலி முடக்கம்

அட்டையும் இயக்கியும் நிலைப்பொருளும் ஒழுங்காக இருந்து, துழாவலில் ஒரு வலையமைப்பும் தென்படாவிடில், வானொலி முடக்கப்பட்டிருக்கலாம். ஆர்எஃப்கில் என்ற கட்டளையுடன் லிஸ்ட் எனச் சேர்த்து இட்டால் இருவகை முடக்கங்கள் காட்டப்படும். மென்முடக்கத்தை அதே கட்டளையால் நீக்கலாம். வன்முடக்கத்தை எந்தக் கட்டளையாலும் நீக்க இயலாது. மடிக்கணினியின் பக்கவாட்டிலுள்ள சிறு நகர்த்தியோ, விமானச் சின்னம் கொண்ட விசையோ அதனைக் கட்டுப்படுத்துகின்றது. பையிலிருந்து எடுக்கும்போது கைபட்டு நகர்த்தி மாறியதை அறியாமல், மாலை முழுவதும் இயக்கிகளை மாற்றிக் கொண்டிருப்பது எவருக்கும் நேரக்கூடியது. சில லெனோவோ மடிக்கணினிகளில் ஐடியாபேட் லேப்டாப் என்ற கருக்கூறு, நகர்த்தியே இல்லாத கணினியிலும் வன்முடக்கம் இருப்பதாகத் தவறாக அறிவித்ததுண்டு. அந்நிலையில் அக்கூறை நீக்கிப் பார்க்க வேண்டும்.

இரு இயங்குதளங்களும் நிறுவப்பட்ட கணினிகளில் மற்றொரு விந்தை நிகழ்வதுண்டு. விண்டோஸின் விரைவுத் தொடக்க வசதி, கணினியை முழுமையாக அணைக்காமல் அரைத்தூக்கத்தில் விடுகின்றது. அதன்பின் லினக்ஸ் தொடங்கும்போது அட்டை பதிலளிக்காமல் போகலாம். அவ்வசதியை விண்டோஸிலேயே நிறுத்த வேண்டும்.

திறன்பேசிக்குத் தெரியும் வலையமைப்பு கணினிக்குத் தெரியாமை

மற்றெல்லா வலையமைப்புகளும் தெரிய, வீட்டு வலையமைப்பு மட்டும் பட்டியலில் இல்லாதிருப்பது இன்னொரு வகை. இதற்குக் காரணம் பெரும்பாலும் அலைவரிசை எண்ணாகும். 2.4 கிகாஎர்ட்சுப் பட்டையில் 12, 13 ஆகிய அலைவரிசைகள் இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் பயன்படுத்தத் தக்கவை. ஆனால் அமெரிக்காவுக்கென அமைக்கப்பட்ட அட்டைகள் அவற்றைத் தவிர்க்கின்றன. நாடு எதுவென அறியாத நிலையில் லினக்ஸ், எல்லா நாடுகளுக்கும் பொதுவான மிகக் கட்டுப்பாடான விதிகளைக் கடைப்பிடித்து, இவ்வலைவரிசைகளில் தானாக எதையும் ஒலிபரப்பாமல் செவிமடுக்க மட்டும் செய்யும். ஐடபிள்யூ கட்டளையால் நாட்டுக் குறியீட்டைப் பார்க்கவும் அமைக்கவும் இயலும். திசைவியைக் கையாளும் உரிமை இருந்தால், அதன் அலைவரிசையை 1, 6, 11 ஆகியவற்றுள் ஒன்றாக மாற்றுவது இன்னும் எளிது. திசைவி 5 கிகாஎர்ட்சுப் பட்டையில் மட்டும் இயங்க, பழைய அட்டை 2.4 பட்டையை மட்டும் அறிந்திருப்பதும் இதே அறிகுறியைத் தரும்.

மெய்ப்பித்தல் தோல்வி

வலையமைப்பு தெரிகின்றது, கடவுச்சொல் மீண்டும் மீண்டும் கேட்கப்படுகின்றது எனில், ஜர்னல்சிடிஎல் கட்டளையால் நெட்வொர்க் மேனேஜர், டபிள்யூபிஏ சப்ளிகண்ட் ஆகியவற்றின் பதிவுகளைப் பார்க்க வேண்டும். நான்கு படிக் கைகுலுக்கல் தோல்வியுற்றது என்ற செய்தியோ, காரண எண் 15 என்ற குறிப்போ இருப்பின் கடவுச்சொல் தவறாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. திசைவியில் டபிள்யூபிஏ3 மட்டும் அமைக்கப்பட்டிருந்தால், பழைய அட்டைகள் சரியான கடவுச்சொல்லுடனும் சேர இயலாது. திசைவியை டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 கலப்பு நிலையில் வைப்பது இதற்குரிய மாற்று.

கல்லூரி வலையமைப்புகளில் இரு சிறப்புச் சிக்கல்கள் உள்ளன. சில கல்லூரிகள் மாணவரின் அட்டையினது மேக் முகவரியைப் பதிந்து, அதற்கு மட்டுமே அனுமதி தருகின்றன. புதிய மென்பொருள்கள் தனியுரிமை கருதி இம்முகவரியை மாற்றிக் காட்டக்கூடும். அவ்வலையமைப்புக்கு மட்டும் உண்மை முகவரியைப் பயன்படுத்துமாறு அமைக்க வேண்டும். மற்றொன்று, பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் வலையமைப்புகளுக்கு உரியது. ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0 பதிப்பு, பாதுகாப்பற்ற பழைய மறுபேச்சு முறையை இயல்பிருப்பாக மறுக்கின்றது. அதனுடன் 2022 ஏப்ரலில் வெளியான உபுண்டு 22.04 இல், பழைய வழங்கிகளைக் கொண்ட வளாகங்களில் பலரால் இணைய இயலாமற் போயிற்று. பழைய முறையை அனுமதிக்கும்படி கணினியைத் தளர்த்தலாம். ஆனால் குறை வழங்கியில் இருப்பதால் அதனைப் புதுப்பிக்குமாறு கேட்பதே முறை.

இணைந்தும் இணையம் இல்லாமை

சின்னம் இணைந்ததாகக் காட்டியும் தளங்கள் திறக்காவிடில் மூன்று வினாக்களை வரிசையாகக் கேட்கவேண்டும். முதலாவது, முகவரி கிடைத்துள்ளதா என்பது. ஐபி என்ற கட்டளை காட்டும் முகவரி 169.254 எனத் தொடங்கினால், டிஎச்சிபி வழங்கியிடமிருந்து பதில் வரவில்லை. கணினி தனக்குத்தானே ஒரு முகவரி சூட்டிக்கொண்டுள்ளது. இரண்டாவது, எண் முகவரி ஒன்றை எட்ட முடிகின்றதா என்பது. பிங் கட்டளையால் முதலில் திசைவியையும் பின் 8.8.8.8 என்ற முகவரியையும் சோதிக்கலாம். மூன்றாவது, பெயரைக் கொண்டு எட்ட முடிகின்றதா என்பது. எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிடில் குறை டிஎன்எஸ் அமைப்பில் மட்டுமே உள்ளது. வை-ஃபை அட்டையை இனித் தொடவேண்டியதில்லை.

தொடர்வண்டி நிலையங்களிலும் விடுதிகளிலும் நுழைவுப் பக்கத்தில் பதிவு செய்த பின்னரே இணையம் திறக்கும். கணினியில் தனி டிஎன்எஸ் வழங்கி அமைக்கப்பட்டிருந்தால் அப்பக்கம் தோன்றாமலே போகலாம். மென்பொருள் உருவாக்குநர்களின் கணினிகளில் டாக்கர் நிறுவப்பட்டிருந்தால், அது 172.17 எனத் தொடங்கும் முகவரிகளைத் தனக்கென ஒதுக்கிக்கொள்ளும். அலுவலக வலையமைப்பும் அதே முகவரிகளைப் பயன்படுத்தினால் அனுப்பும் தரவு வெளியே செல்லாமல் கணினிக்குள்ளேயே திரும்பிவிடும். பழைய மடிக்கணினிகளில் தாய்ப்பலகை மின்கலம் தீர்ந்து நாட்காட்டி பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றிருந்தால், பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தோன்றி எந்தத் தளமும் திறக்காது. இதனையும் பலர் வலையமைப்புக் கோளாறு என்றே எண்ணுகின்றனர்.

அடிக்கடி அறுபடும் இணைப்பு

இதுவே கண்டறிவதற்கு மிகக் கடினமானது. ஏனெனில் சோதிக்கும்போது எல்லாம் ஒழுங்காக இருக்கும். முதலில் குறிகை வலிமையைப் பார்க்கவேண்டும். இது டிபிஎம் அலகில் எதிர்ம எண்ணாகக் காட்டப்படும். -50 மிக நன்று, -70 அளவில் ஒருவாறு இயங்கும், -80 ஐத் தாண்டினால் இணைப்பு நிலைக்காது. குறிகை வலிமையாக இருந்தும் அறுபட்டால், மின்சேமிப்பு நிலையை நிறுத்திப் பார்க்கலாம். நெட்வொர்க் மேனேஜரின் அமைப்புக் கோப்பில் வை-ஃபை பவர்சேவ் என்ற மதிப்பு 3 ஆக இருப்பின் சேமிப்பு செயலில் உள்ளது. 2 என மாற்றினால் நின்றுவிடும்.

திசைவிக்கு அருகில் அமர்ந்தால் மட்டும் வேலை செய்யும் மடிக்கணினிகளும் உண்டு. ரியல்டெக் ஆர்டிஎல்8723பிஇ சில்லைக் கொண்ட சில மடிக்கணினிகளில், இரு அலைவாங்கிச் செருகிகளுள் ஒன்றில் மட்டுமே கம்பி பொருத்தப்பட்டு, எதில் பொருத்தப்பட்டது என்ற விவரம் அட்டையின் நினைவகத்தில் தவறாக எழுதப்பட்டிருந்தது. இயக்கி, கம்பியில்லாத செருகியைப் பயன்படுத்தியது. ஆண்ட்செல் என்ற தெரிவுக்கு 1 அல்லது 2 என மதிப்பளித்து இதனைச் சரிசெய்யலாம். விண்டோஸில் நன்றாக இயங்கிய கணினி லினக்ஸில் தடுமாறியதால், இயங்குதளமே பழி சுமந்தது.

2.4 கிகாஎர்ட்சுப் பட்டையை நீலப்பல் கருவிகளும் பகிர்ந்துகொள்கின்றன. யூஎஸ்பி 3.0 கருவிகளும் கம்பிகளும் அதே பட்டையில் இரைச்சல் எழுப்புகின்றன. வெளிப்புற வன்தட்டைச் செருகும்போதெல்லாம் இணைப்பு தளர்ந்தால், வன்தட்டை மறுபக்கச் செருகிக்கு மாற்றுவதோ 5 கிகாஎர்ட்சுப் பட்டைக்கு மாறுவதோ போதுமானது.

அட்டையை மாற்றுதல்

எல்லா முயற்சிகளும் தோற்றபின் எஞ்சுவது அட்டையையே மாற்றுவதாகும். சில மடிக்கணினிகளின் பயாஸ், தயாரிப்பாளர் அனுமதித்த அட்டைகளை மட்டுமே ஏற்கும். அவற்றில் வேறு அட்டையைப் பொருத்தினால் கணினி தொடங்கவே மறுக்கும். இன்டெலின் ஏஎக்ஸ்201 போன்றவை, வேலையின் ஒரு பகுதியை இன்டெல் செயலித் தொகுதியிடமே விட்டுவிடுபவை ஆதலால் அதற்கென அமைந்த செருகியில் மட்டுமே இயங்கும். உருவத்தில் அவற்றை ஒத்த ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 ஆகியவை பொதுவான பிசிஐ எக்ஸ்பிரஸ் அட்டைகளாகும். யூஎஸ்பி அட்டை வாங்குவோர் பெட்டியின்மீதுள்ள வணிகப் பெயரை நம்பலாகாது. பெயர் மாறாமலே பதிப்பு எண் மட்டும் மாறி, உள்ளே முற்றிலும் வேறொரு சில்லு அமர்ந்திருப்பது வழக்கம். சில்லின் எண்ணைக் கேட்டறிந்து, அதற்கான இயக்கி கருவிலேயே உள்ளதா எனப் பார்த்தபின் வாங்குவது நன்று.